அறுவைக் குறிப்புகளின் தரத்தை உயர்த்துதல்: தொடக்க அளவீடு முதல் மறு அளவீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அறுவையில் என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்று மருத்துவர் எழுதும் அறுவைக் குறிப்புகள் சரியாக இல்லை என்ற புகார் எழுந்தவுடன் பெரும்பாலான மருத்துவமனைகள் முதலில் புதிய படிவம் ஒன்றை அச்சடிக்கின்றன. சில வாரங்கள் அது ஒழுங்காக நிரப்பப்படும். அடுத்த குழுவாகப் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் வந்ததும் பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அச்சடித்த கட்டு தீர்ந்ததும் வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதும் பழைய வழக்கம் திரும்பிவிடும். படிவம் தேவைதான், ஆனால் எங்கே குறை, அந்தக் குறை ஏன் வருகிறது என்று அளந்து அறிந்த பிறகே அது வர வேண்டும். அந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான் இந்த வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கீழே உள்ள படிகள் தமிழ்நாட்டின் ஒரு பொது அறுவை சிகிச்சைத் துறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதாவது, தாளில் எழுதும் கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைக் கோப்பு) இன்னும் புழங்குகிற, பட்ட மேற்படிப்பு மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் எழுத்து வேலையின் பெரும்பகுதியைச் செய்கிற, ஒரே நாளில் ஒரு மேசையில் பல அறுவைகள் நடக்கிற இடம். சிறிய தனியார் மருத்துவமனையிலும் இதே வரிசை பொருந்தும். ஆட்களின் எண்ணிக்கைதான் குறையும்.

தொடங்கும் முன் தேவையானவை

துறைத் தலைவரின் எழுத்து மூலமான இசைவு, மருத்துவப் பதிவேட்டுத் துறையில் (எம்.ஆர்.டி.) கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்க அனுமதி, தியேட்டர் ரிஜிஸ்டரை (அறுவை அரங்கில் நடந்த அறுவைகளின் பதிவேடு) பார்க்க அனுமதி, குறிப்புகளைப் படித்து மதிப்பிட இருவர், ஒரு சாதாரணக் கணினி அட்டவணை ஆகியவை போதும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

முடிவுகளைப் பின்னர் மாநாட்டிலோ இதழிலோ வெளியிடும் எண்ணம் இருந்தால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பல குழுக்கள் மறுத்துவிடும். துறைக்குள் மட்டும் பயன்படுத்தும் தணிக்கை என்றாலும் அதை ஒரு வரியில் தெரிவித்து வைப்பது நல்லது.

1. ஓர் ஆவணத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்

அறுவை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒப்புதல் படிவம், மயக்கத்துக்கு முந்தைய மதிப்பீடு, பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்கப் பதிவு, மாப் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ணிக்கைத் தாள், அறுவைக் குறிப்பு, அறுவைக்குப் பிந்தைய ஆணைகள், டிஸ்சார்ஜ் சம்மரி என எட்டு ஆவணங்களாவது இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் எட்டையும் சேர்த்துத் திருத்த முயன்று, எட்டிலும் பாதியில் நிற்கிறார்கள்.

அறுவைக் குறிப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, திசுப் பரிசோதனைக் கோரிக்கை, காப்பீட்டுக் கோரிக்கை, வார்டில் இரவுப் பணி மருத்துவர் எடுக்கும் முடிவு ஆகிய எல்லாம் அந்த ஒரு பக்கத்தையே நம்பியிருக்கின்றன. அங்கே நேர்ந்த பிழை மற்ற தாள்களுக்கும் நகலாகிப் பரவும். அங்கே திருத்தினால் மற்றவை ஓரளவு தாமாகவே சீர்படும்.

2. யாருடைய குறை என்ற கேள்வியை முதலிலேயே மூடுங்கள்

முதல் கூட்டத்திலேயே, மருத்துவர் வாரியாகவோ யூனிட் (துறைக்குள் உள்ள மருத்துவர் குழு) வாரியாகவோ எந்தக் கணக்கும் வெளியிடப்படாது என்று அறிவித்து அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். இந்த உறுதி இல்லாவிட்டால் இரண்டு விளைவுகள் வரும்: மூத்த மருத்துவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், இளையவர்கள் பழைய குறிப்புகளில் விடுபட்டவற்றை உட்கார்ந்து நிரப்பத் தொடங்குவார்கள். இரண்டாவது விளைவு மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அது பதிவேட்டைத் திருத்திய குற்றச்சாட்டில் போய் முடியக்கூடும்.

தியேட்டர் பொறுப்புச் செவிலியரை முதல் நாளிலிருந்தே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவைக் குறிப்பு மருத்துவரின் வேலை என்று சொல்லி அவரை விட்டுவிடும் குழுக்கள் ஏழாவது படிக்கு வரும்போது தடுமாறுகின்றன.

3. அளவுகோலை எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் வரையறை கொடுங்கள்

அளவுகோலைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி 2014-இல் வெளியிட்ட நல்லறுவை நடைமுறை விதிகளில் அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டியவை வரிசையாகத் தரப்பட்டுள்ளன: தேதியும் நேரமும், திட்டமிட்ட அறுவையா அவசர அறுவையா, அறுவை மருத்துவர், உதவியாளர், மயக்க மருத்துவர் ஆகியோரின் பெயர்கள், செய்யப்பட்ட அறுவை, கீறல், அறுவையில் உறுதியான நோய், கண்டவை, சிக்கல்கள், கூடுதலாகச் செய்தது எதுவும் இருந்தால் அதுவும் அதன் காரணமும், அகற்றிய, சேர்த்த அல்லது மாற்றிய திசுக்கள், பொருத்திய செயற்கைப் பொருள்களின் அடையாள எண், மூடிய முறை, எதிர்பார்க்கப்படும் ரத்த இழப்பு, நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்து, ரத்த உறைவுத் தடுப்பு, அறுவைக்குப் பிந்தைய விரிவான ஆணைகள், கையெழுத்து.

இதனுடன் நம் ஊர்த் தேவைக்கு ஏற்பச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். உள்நோயாளி எண் குறிப்பு உள்ள தாளிலேயே இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டின் நூல் அவிழ்ந்து தாள்கள் உதிர்வது நாம் அன்றாடம் பார்ப்பதுதான். மாப், கருவி எண்ணிக்கை சரியாக இருந்தது என்ற வரி வேண்டும். அகற்றிய திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா, எத்தனை குப்பிகளில் என்ற வரியும் வேண்டும்.

அடுத்து வருவதைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் எது இருந்தால் ‘உண்டு’ என்று எண்ணுவது என ஒரு வாக்கியத்தில் எழுதி வைக்க வேண்டும். ‘தடுப்பு மருந்து’ என்ற வரிக்கு மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றும் இருந்தால் மட்டுமே உண்டு. ‘ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் இல்லை. நேரம் ஏன் என்றால், கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் மருந்து கொடுக்கப்பட்டதா என்பதை நேரம் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. ‘பிந்தைய ஆணைகள்’ என்ற வரிக்கு ‘ரொட்டீன் போஸ்ட் ஆப் கேர்’ (அறுவைக்குப் பிந்தைய வழக்கமான கவனிப்பு) என்று எழுதியிருந்தால் இல்லை என்றே எண்ணுங்கள். யூனிட்டுக்கு யூனிட் மாறும் வழக்கத்தை அந்த நான்கு சொற்கள் மறைத்துவிடுகின்றன.

‘கையெழுத்து’ என்ற வரியிலும் கண்டிப்பு வேண்டும். படிக்க முடியாத கிறுக்கல் மட்டும் இருந்தால் இல்லை; கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் இருந்தால் உண்டு.

உடலின் எந்தப் பக்கத்தில் அறுவை என்று சொல்லும் ‘பக்கம்’ என்ற வரியில் வலது, இடது என்ற சொல் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டெழுத்துச் சுருக்கம் கூடாது. சுருக்கங்களைப் பொதுவாகவே சந்தேகத்தோடு பாருங்கள். ‘பி.ஐ.டி.’ என்பது மகப்பேறு வார்டில் இடுப்புக்குழி அழற்சி. எலும்பியல் வார்டில் பிதுங்கிய முதுகெலும்புத் தட்டு.

ஒவ்வொரு வரிக்கும் உண்டு, இல்லை, பொருந்தாது என்ற மூன்று விடைகள் மட்டுமே இருக்கட்டும். ‘ஓரளவு உண்டு’ என்ற நான்காவது விடையைச் சேர்த்தால் மதிப்பிடுபவர்கள் கடினமான இடங்களையெல்லாம் அதற்குள் தள்ளிவிடுவார்கள்.

4. தொடக்க நிலையை அளந்திடுங்கள்

மாதிரியைத் தியேட்டர் ரிஜிஸ்டரிலிருந்து எடுங்கள், எம்.ஆர்.டி. அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். அலமாரியில் கைக்குக் கிடைப்பவை முழுமையாக முடிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்ட கேஸ் ஷீட்டுகள்தான். குறிப்பே எழுதப்படாதவை, டிஸ்சார்ஜ் ஆகாமல் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவை, இறந்தவர்களின் தாள்கள் ஆகியவை வேறு எங்கேனும் இருக்கும். ரிஜிஸ்டரில் வரிசையாக உள்ள அறுவைகளை எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றின் கேஸ் ஷீட்டையும் தேடிப் போங்கள். கிடைக்காதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல் ‘குறிப்பு கிடைக்கவில்லை’ என்று தனியாகப் பதிவு செய்யுங்கள். நான் பார்த்தவரை துறைத் தலைவர்களை உடனே நிமிர்ந்து உட்கார வைக்கும் எண் இதுதான்.

தொடர்ச்சியாக 40 முதல் 50 அறுவைகள் போதும். இரவிலும் விடுமுறை நாள்களிலும் நடந்த அவசர அறுவைகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பகல் பட்டியலை மட்டும் எடுத்தால், எழுத நேரம் இருந்தபோது எழுதிய குறிப்புகளை மட்டுமே அளந்தவர்கள் ஆவோம். கடந்த மாதத்துக் குறிப்புகளைப் பாருங்கள். ‘அடுத்த வாரத்திலிருந்து கணக்கெடுக்கப் போகிறோம்’ என்று அறிவித்துவிட்டு அளந்தால் கிடைப்பது அறிவிப்பின் விளைவுதான்.

மதிப்பிடும் இருவரும் முதல் 10 குறிப்புகளைத் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டுக்கொள்ளட்டும். எந்த வரியில் கருத்து மாறுபடுகிறதோ அந்த வரியின் வரையறைதான் தெளிவாக இல்லை என்று பொருள். வரையறையைத் திருத்திய பிறகு மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். தம் யூனிட்டின் குறிப்புகளைத் தாமே மதிப்பிடக் கூடாது.

கணக்கில் ‘பொருந்தாது’ என்பதைக் கவனமாகக் கையாளுங்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 40 அறுவைகளில் 12-இல் மட்டும் மெஷ் (வலை), பிளேட் (தகடு) போன்ற செயற்கைப் பொருள் பொருத்தப்பட்டுள்ளது. அந்த 12-இல் 3-இல் மட்டும் அடையாள எண் எழுதப்பட்டுள்ளது. சரியான விகிதம் 12-இல் 3, அதாவது 25 சதவீதம். பொருந்தாத 28-ஐயும் ‘குறை இல்லை’ என்று சேர்த்து எண்ணினால் 40-இல் 31 ஆகி, 77.5 சதவீதம் என்று பெருமைப்படும்படி காட்டும். இந்தப் பிழை கணினி அட்டவணையில் வெற்றுக் கட்டங்களாக நுழைகிறது. ஆகவே எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.

எல்லா வரிகளையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. தேதியும் பெயரும் எல்லோரும் எழுதுபவை. அவை மொத்தத்தை உயர்த்தி, மாப் எண்ணிக்கை எழுதப்படாததை மறைத்துவிடும். வரி வாரியான சதவீதமே முடிவாக இருக்கட்டும்.

5. காரணத்தைத் தியேட்டரில் நின்று பாருங்கள்

எண்கள் எது விடுபடுகிறது என்று சொல்லும். ஏன் விடுபடுகிறது என்று சொல்லாது. ஆகவே இரண்டு மூன்று நாள்கள் தியேட்டரில் நின்று, குறிப்பு எந்த நிமிடத்தில், எந்த மேசையில், யார் கையால் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டம் போட்டு ‘ஏன் எழுதுவதில்லை’ என்று கேட்டால் ‘நேரமில்லை’ என்ற ஒரே விடைதான் வரும்.

நின்று பார்த்தால் வேறு காரணங்கள் தெரியும். அறுவையில் கையுறை அணிந்து நின்ற மாணவர் அடுத்த நோயாளிக்குத் தயாராகப் போய்விட, அறுவையைப் பார்க்காத பயிற்சி மருத்துவர் தியேட்டர் பட்டியலைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். திட்டமிட்ட அறுவையின் பெயர் பட்டியலில் இருக்கும். செய்த அறுவை வேறாக இருக்கும். மெஷ் பெட்டியில் இருக்கும், அடையாள எண் கொண்ட ஒட்டுச்சீட்டு காப்பீட்டுக் கோப்புக்குப் போயிருக்கும், கேஸ் ஷீட்டுக்கு வந்திருக்காது. தடுப்பு மருந்து கொடுத்த நேரம் மயக்கப் பதிவில் இருக்கும். குறிப்பு எழுதுபவர் கையில் அந்தத் தாள் இருக்காது. கேஸ் ஷீட் நோயாளியோடு ரிக்கவரிக்கு (அறுவைக்குப் பின் மயக்கம் தெளியும் அறை) போய்விட, எழுதுபவர் தனித் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. முதல் காரணத்துக்கு விதி வேண்டும், இரண்டாவதுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்ட இடம் வேண்டும், கடைசிக் காரணத்துக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போதும். ரிக்கவரி அறையில் எழுதுவதற்கு ஒரு மேசை போட்டதே சில இடங்களில் பெரிய மாற்றமாக இருந்திருக்கிறது.

6. இப்போது படிவத்தை அமையுங்கள்

ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். இரண்டு பக்கப் படிவத்தில் பின்பக்கம் நிரப்பப்படுவதில்லை.

கட்டங்களின் வரிசை, செய்திகள் கிடைக்கும் வரிசையில் இருக்க வேண்டும். மேலே நோயாளி விவரமும் பெயர்களும். நடுவே கண்டவையும் செய்தவையும். கீழே எண்ணிக்கை, திசு, ஒட்டுச்சீட்டு. கடைசியில் தடித்த கோட்டுக்குள் பிந்தைய ஆணைகள். பிந்தைய ஆணைகளைப் படிக்கப் போகிறவர் வார்டு செவிலியர். அவர் கண் நேராகப் போகும் இடத்தில் அவை இருக்க வேண்டும்.

எது டிக் போடும் கட்டம், எது எழுதும் இடம் என்பதில்தான் படிவங்கள் கெடுகின்றன. ஆம், இல்லை என்று முடியும் செய்திகளுக்கு மட்டும் டிக் கட்டம் வையுங்கள். கண்டவை, செய்த முறை இரண்டுக்கும் வெற்றிடம் வேண்டும். அங்கே முன்கூட்டியே அச்சடித்த வாக்கியங்கள் கூடாது. ‘குடல் இயல்பாக உள்ளது’ என்று அச்சடித்திருந்தால், குடலைப் பார்க்காதவரும் அதை அடிக்காமல் விட்டுவிடுவார். அந்த நோயாளியின் வயிற்றை மறுபடி திறக்க நேர்ந்தால் அந்த அச்சு வரியை நம்புபவர் ஏமாறுவார்.

‘கூடுதலாகச் செய்தது, காரணம், ஒப்புதல்’ என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நோயறியும் சோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்த நோயாளிக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் உறுப்புகளை அகற்றியது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டத்தை மீறிச் செய்ய நேர்ந்ததற்கான மருத்துவக் காரணம் அன்றே அந்தக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும். பிறகு எழுதும் விளக்கத்துக்கு அதே மதிப்பு இருக்காது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே குடலிறக்க அறுவையின் இரண்டு வடிவங்களைக் காட்டுகிறேன். மருத்துவமனையில் இவை ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். பொருளைத் தமிழில் தருகிறேன். வழக்கமாகக் காணப்படுவது:

‘வலது ஹெர்னியோபிளாஸ்டி செய்யப்பட்டது. மெஷ் வைக்கப்பட்டது. அறுவை சிக்கலின்றி முடிந்தது. ரொட்டீன் போஸ்ட் ஆப் கேர்.’

வேண்டுவது:

‘வலது கவட்டைக் கீறல். மறைமுகக் குடலிறக்கம், பையில் ஓமென்டம், ஒட்டுதல் இல்லை, உள்ளே தள்ளப்பட்டது. பை உயரத்தில் கட்டப்பட்டது. இலியோஇங்குவினல் நரம்பு அடையாளம் காணப்பட்டுக் காக்கப்பட்டது. 15 × 7.5 செ.மீ. பாலிப்ரொப்பிலீன் மெஷ், 2-0 பாலிப்ரொப்பிலீனால் தைக்கப்பட்டது, ஒட்டுச்சீட்டு கீழே. ரத்த இழப்பு சுமார் 20 மி.லி. டிரெயின் (திரவம் வடிக்கும் குழாய்) இல்லை. திசு அனுப்பப்படவில்லை. மாப், கருவி எண்ணிக்கை சரி. செஃபசோலின் 2 கிராம் காலை 9.10, கீறல் 9.35. ஆணை: மாலை 4 மணி முதல் திரவ உணவு, இரவு 8 மணிக்குள் சிறுநீர் கழிக்காவிட்டால் பணி மருத்துவருக்குத் தெரிவிக்கவும், நாளை காலை விதைப்பை வீக்கம் பார்க்கவும்.’

இரண்டாவதை எழுத ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நாள்பட்ட கவட்டை வலியோடு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து வரும்போது நரம்பைப் பற்றிய வரியும், முதுகுத்தண்டு மயக்கத்துக்குப் பின் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்போது நேரம் குறித்த ஆணையும் பயன்படும். ‘சிக்கலின்றி முடிந்தது’ என்ற தொடரிலிருந்து எந்த மருத்துவருக்கும் எந்தச் செய்தியும் கிடைக்காது.

7. யார், எப்போது என்ற விதியையும் அதற்கான வாயிலையும் வையுங்கள்

விதி எளிது: அறுவை செய்தவர், அல்லது அறுவையில் கையுறை அணிந்து நின்ற ஒருவர், நோயாளி ரிக்கவரியை விட்டு வார்டுக்குப் போகும் முன் எழுத வேண்டும், தலைமை அறுவை மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியமும் (என்.ஏ.பி.எச்.) ரிக்கவரியிலிருந்து நோயாளியை மாற்றும் முன் சுருக்கமான அறுவைக் குறிப்பு இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. ஆகவே அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் மருத்துவமனைக்கு இது கூடுதல் சுமையும் ஆகாது.

விதியை மட்டும் சுற்றறிக்கையாக அனுப்பினால் அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். நோயாளியை வார்டுக்கு ஒப்படைக்கும் ரிக்கவரி செவிலியர் ‘குறிப்பு இருக்கிறதா’ என்று பார்த்து அனுப்புவதே வாயில். குறிப்பின் தரத்தை அவர் மதிப்பிட வேண்டியதில்லை. தாள் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் மருத்துவ நிலை காரணமாக நோயாளியை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருந்தால் தாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த விதிவிலக்கையும் எழுதியே வையுங்கள். மூத்த மருத்துவரின் நோயாளியைச் செவிலியர் நிறுத்தி வைக்கும்போது அவர் பக்கம் நிற்கப் போவது யார் என்று துறைத் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த ஆதரவு இல்லாத வாயில் ஒரே வாரத்தில் திறந்துகொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் உங்கள் தியேட்டரில் உண்மையாகவே வாய்விட்டுச் சொல்லப்படுகிறதென்றால், வேலை பாதி முடிந்த மாதிரிதான். அதன் மூன்றாவது பகுதியில் செய்த அறுவையின் பெயர், எண்ணிக்கை, திசுக் குப்பியின் பெயர்ச்சீட்டு, மீட்சிக் காலத்தில் கவனிக்க வேண்டியவை ஆகியவை சொல்லப்படுகின்றன. அவை சொல்லப்படும்போதே ஒருவர் புதிய படிவத்தில் எழுதட்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதும் வேலை இதனால் குறையும்.

திருத்தம் பற்றிய விதியும் இங்கேயே வர வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் நேரமும் இட வேண்டும். வெள்ளை மை கூடாது. தாளைக் கிழித்து வேறு தாள் வைக்கக் கூடாது. தாமதமாக எழுத நேர்ந்தால் எழுதும் நேரத்தையே போட்டு ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிடுங்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லிவிடலாம். பழைய நேரம் போட்ட புதிய மைக்கு விளக்கம் கிடையாது.

8. ஒரு மேசையில் மட்டும் சோதித்துப் பாருங்கள்

ஒரு யூனிட், ஒரு மேசை, ஒரு வாரம். படிவத்தை நகல் எடுத்தே பயன்படுத்துங்கள், அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கட்டம் திரும்பத் திரும்ப வெறுமையாக இருக்கிறதோ அது தேவையற்றதா, அல்லது தவறான இடத்தில் இருக்கிறதா என்று எழுதியவர்களிடம் கேட்டுத் திருத்துங்கள். முதல் வடிவத்தையே ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிட்டால், பிழையான படிவத்தைத் தீர்க்கும் வரை சகித்துக்கொள்ள வேண்டிவரும்.

9. ஆள் மாறும்போதெல்லாம் கற்பியுங்கள்

பயிற்சி மருத்துவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். மாணவர்கள் வேறு துறைகளுக்குப் போய் வருகிறார்கள். ஒருமுறை நடத்திய வகுப்பு அந்தக் குழுவோடு போய்விடும். துறையில் சேரும் முதல் நாள் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பெயர்கள் மறைக்கப்பட்ட இரண்டு குறிப்புகளைக் கொடுத்து, ‘இந்த நோயாளி உங்கள் இரவுப் பணியில் இருக்கிறார்; டிரெயினை எடுக்கலாமா, சாப்பிடக் கொடுக்கலாமா’ என்று கேளுங்கள். குறைபாடுள்ள குறிப்பை வைத்து விடை சொல்ல முடியாமல் அவர்கள் தடுமாறுவது விரிவுரையைவிட நன்றாகக் கற்றுத்தரும்.

மாதிரிக் குறிப்பு ஒன்றை எழுதும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். அடிக்கடி நடக்கும் அறுவைகளுக்குத் தனித்தனி மாதிரி ஒட்டினால், அதைப் பார்த்தே நகலெடுக்கத் தொடங்குவார்கள், ஒன்று போதும்.

10. அதே அளவுகோலால் மறுபடி அளந்திடுங்கள்

படிவம் வழக்கத்துக்கு வந்து சில வாரங்கள் ஆன பிறகு, அதே வரையறைகளோடு, அதே போல ரிஜிஸ்டரிலிருந்து, இரவு அறுவைகளையும் சேர்த்து மறு அளவீடு செய்யுங்கள். இடையில் ஒரு வரையறையைத் தளர்த்தியிருந்தால் அந்த வரியை ஒப்பிடக் கூடாது. படிவம் வந்த முதல் வாரத்தில் அளந்து பாராட்டு வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பயிற்சி மருத்துவர் குழு ஒரு முறையாவது மாறிய பிறகு கிடைக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

முடிவை வரி வாரியாக முன், பின் என்று ஒரே தாளில் காட்டுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது சதவீதத்துடன் ‘12-இல் 9’ என்பது போல எண்ணையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 3 சதவீத ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் காரணம் தேட வேண்டாம். அசையாமல் நிற்கும் வரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஒட்டுச்சீட்டும் ரத்த உறைவுத் தடுப்பும்தான் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும், ஏனெனில் அந்த இரண்டு செய்திகளும் குறிப்பு எழுதுபவர் கையில் தொடங்குவதில்லை.

முழுமை கூடினாலும் உண்மை கூடியது என்று ஆகாது. ஆகவே மறு அளவீட்டில் ஐந்தாறு குறிப்புகளை மட்டும் மயக்கப் பதிவோடும் மாப் எண்ணிக்கைத் தாளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பு மருந்தின் நேரம் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தால், கட்டத்தை நிரப்புவதற்காகவே நிரப்புகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

11. கணினிப் பதிவுக்கு மாறும்போது

கையெழுத்துப் படிக்க முடியாத தொல்லையும் விடுபட்ட கட்டங்களும் கணினியில் குறையும். நகலெடுத்து ஒட்டும் பழக்கம் புதிதாக வந்து சேரும். முந்தைய நோயாளியின் குறிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது, பக்கமும் திசு விவரமும் பழையவையாகவே நின்றுவிடுகின்றன. ஆகவே பக்கம், கண்டவை, எண்ணிக்கை, ரத்த இழப்பு ஆகிய கட்டங்கள் எப்போதும் வெறுமையாகவே திறக்கும்படியும், முன்தேர்வு எதுவும் இல்லாதபடியும் மென்பொருள் தருபவரிடம் கேளுங்கள். ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லில்தான் நுழைய வேண்டும். ஒரே கடவுச்சொல்லைத் தியேட்டர் முழுவதும் பயன்படுத்தினால் அந்தப் பதிவில் கையெழுத்தே இல்லை என்றுதான் பொருள். மின்சாரமோ இணைப்போ போகும் நாளுக்காகத் தாள் படிவம் ஒரு கட்டு மேசையில் இருக்கட்டும்.

12. பாதுகாத்தலும் வழங்குதலும்

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். 3 ஆண்டுகள் என்பது குறைந்த அளவு. போலீஸ் வழக்குத் தொடர்பான கேஸ் ஷீட்டுகளை வழக்கு முடியும் வரை தனி அலமாரியில் வைத்திருங்கள். மெஷ், பிளேட் பொருத்திய நோயாளிகளின் அறுவைக் குறிப்பை நான் அதற்கும் மேல் வைத்திருக்கச் சொல்வேன். அந்தப் பொருள் உடலில் இருக்கும் காலம் 3 ஆண்டுகளோடு முடிவதில்லை. ஒட்டுச்சீட்டில் இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டிக் கொடுத்துவிட்டால், கோப்பு அழிந்தாலும் செய்தி நோயாளியிடம் இருக்கும்.

குறிப்பைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டு மேலதிகாரியிடம் திருத்தம் கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நோயாளியின் பெயரும் நோயும் அந்தப் படத்தோடு யார் யார் கைப்பேசியிலோ தங்கிவிடுகின்றன. இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுவிட்ட நிலையில் இதை அலட்சியமாக விட முடியாது. திருத்தம் வேண்டுமென்றால் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். தணிக்கைக்காகக் கணினி அட்டவணையில் ஏற்றும்போதும் நோயாளியின் பெயரை ஏற்றாமல் வரிசை எண்ணை மட்டும் ஏற்றுங்கள். வரிசை எண்ணையும் உள்நோயாளி எண்ணையும் இணைக்கும் தாள், பூட்டிய இழுப்பறையில், தணிக்கைப் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்க வேண்டும். மறு அளவீடு முடிந்து முடிவுகள் துறைக் கூட்டத்தில் ஏற்கப்பட்ட பிறகு அதைக் கிழித்துவிடலாம்.